குயில் வந்தது, குளிர் போகவில்லை

இங்கிலாந்தில் வசந்தம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள வானத்தைப் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். தேவாலயத்து அறிவிப்புப் பலகையைப் பார்க்க வேண்டும். ‘காலந்தோறும் வசந்தம்: நம்மூர்ப் பாடகர் குழுவின் கச்சேரி. இடைவேளையில் தேநீர், கேக். குலுக்கல் பரிசு உண்டு’ என்று ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தால் வசந்தம் வந்தாயிற்று. அதே நேரத்தில் வெளியே ஆலங்கட்டி மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். அது வேறு இலாகா.

இப்படிப்பட்ட குழு அந்த நாட்டில் ஊருக்கு ஒன்றாவது இருக்கும். பலவற்றில் குரல் தேர்வெல்லாம் கிடையாது. சந்தா கட்டினால் நீங்களும் பாடகர். ஓய்வுபெற்ற டீச்சர், பல் டாக்டர், வங்கி மானேஜர், பிள்ளைகள் வெளியூர் போனபின் வீட்டில் பேச ஆளில்லாதவர் என்று எல்லாரும் வாரத்தில் ஒரு சாயங்காலம் கூடி ஒத்திகை பார்ப்பார்கள். பெண்களுக்குக் குறைவில்லை, சோப்ரானோவும் ஆல்ட்டோவும் வரிசை வரிசையாக நிற்பார்கள். பின்னால் சுவரோரமாக பாஸ் குரல்காரர்கள். பஞ்சம் டெனர் என்ற உயர்ந்த ஆண்குரலுக்குத்தான். மூன்று பேர் தேறினால் அதிர்ஷ்டம். அதில் ஒருவர் பக்கத்து ஊரிலிருந்து இரவல் வந்திருப்பார்; இன்னொருவர் பெண்ணாக இருப்பார்.

கையில் கொடுக்கிற நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொரு பாட்டுக்கும் இரண்டு வரி விளக்கம் உண்டு. இயற்கை, புத்துயிர், இளங்காற்று, இனிமை என்ற ரகம். எழுநூற்றைம்பது வருஷத்து ஐரோப்பிய வசந்தத்தை அந்த இரண்டு வரியில் வெள்ளையடித்துவிடுவார்கள். நடந்ததைத் தோண்டிப் பார்த்தால், வசந்தத்தைப் பாடிய மகானுபாவர்களில் பெரும்பாலோருக்கு வசந்தத்தின் மேல் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. ஒருவருக்குக் காதல், ஒருவருக்குக் காசு, ஒருவருக்கு ராணியின் தயவு. பூ பூத்ததும் குயில் கூவியதும் சாக்கு. ஆகவே மரியாதையைச் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு உள்ளே போவோம்.

கடா செய்த காரியம்

கச்சேரி வழக்கமாகப் பதிமூன்றாம் நூற்றாண்டில் தொடங்கும். லண்டனுக்கு மேற்கே ரெடிங் என்று ஒரு ஊர். அங்கே 1121ல் முதலாம் ஹென்றி மன்னர் ஒரு பெரிய மடத்தை நிறுவினார். டாக்டர் வேண்டாமென்று சொல்லியும் லாம்ப்ரே மீனை ஒரு பிடி பிடித்து, அதனாலேயே செத்தார் என்று வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார்களே, அதே ஹென்றி. புதைத்ததும் அந்த மடத்திலேயே. அந்த மடத்தோடு தொடர்புடைய ஒரு கையெழுத்துப் பிரதியில், 1260ஐ ஒட்டி யாரோ எழுதிவைத்ததுதான் முதல் உருப்படி. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் ஹார்லி 978 என்ற எண்ணோடு பத்திரமாக இருக்கிறது. ரெடிங் ரோட்டா என்று சொல்வார்கள். நாலு பேர் ஒருவர் பின் ஒருவராக ஒரே மெட்டைத் தொடங்கிச் சுற்றிச் சுற்றிப் பாட, கீழே இரண்டு பேர் ஒரு சின்னத் துணுக்கைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஆக மொத்தம் ஆறு குரல். ஆறு குரலில் எழுதப்பட்டு இன்றைக்குக் கிடைத்திருக்கும் பாட்டுகளில் இதைவிடப் பழையது கிடையாது.

பாட்டில் விஷயம் இவ்வளவுதான்: குளிர் போய் நல்ல காலம் வந்துவிட்டது, குயிலும் பசுவும் காளையும் ஆளுக்கொரு விதமாகத் தங்கள் சந்தோஷத்தைத் தெரிவிக்கின்றன. கடாவும் தெரிவிக்கிறது. பின்புறத்தால்.

ஆறு குரலில் அமைத்து, தோலில் மை தொட்டு எழுதி, எழுநூறு வருஷத்துக்கு மேல் பூட்டிப் பாதுகாக்கப்பட்ட குசு உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். பிற்காலப் பண்டிதர்கள் சிலருக்கு இது பொறுக்கவில்லை. கடா அப்படியெல்லாம் செய்திருக்காது, துள்ளிச் சுழன்றிருக்கும் என்று அகராதியைப் புரட்டி அதற்காக வக்காலத்து வாங்கினார்கள். கடா தன் தரப்பில் எதையும் மறுத்ததாகத் தெரியவில்லை.

இன்னும் அழகு என்னவென்றால், அதே மெட்டுக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு லத்தீன் பாட்டும் எழுதியிருக்கிறது. அது ஏசுவின் தியாகத்தைப் பற்றியது. மேலே கடா, கீழே கர்த்தர், மெட்டு ஒன்று. மடத்துத் தலைவரின் காலடிச் சத்தம் கேட்டால் கீழ்வரி, அவர் தலை மறைந்ததும் மேல்வரி என்று வைத்திருந்தார்களோ என்னவோ. பக்கத்தில் பாடும் முறைக்குக் குறிப்பும் உண்டு: நாலு தோழர்கள் பாடலாம்; ஆள் குறைந்தால் மூன்று பேர், கெட்டதற்கு இரண்டு பேராவது வேண்டும் என்கிறது. டெனர் பஞ்சம் இன்று நேற்று வந்ததல்ல.

குயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கச்சேரி முடியும்வரை அது நம்மை விடப்போவதில்லை. ஐரோப்பியக் குயில் நம் குயிலுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். குணமும் குடும்பக் குணம்தான். கூடு கட்டாது, அடைகாக்காது. அடுத்த பறவையின் கூட்டில் முட்டையைப் போட்டுவிட்டுக் கூவப் போய்விடும். பொரிந்து வருகிற குஞ்சு, இன்னும் கண்கூடத் திறக்காமல், வீட்டுக்காரரின் முட்டைகளையும் குஞ்சுகளையும் முதுகால் நெம்பி வெளியே தள்ளும். இதைக் கண்ணால் பார்த்து 1788ல் ராயல் சொசைட்டிக்கு எழுதியவர் எட்வர்ட் ஜென்னர். அம்மைத் தடுப்பூசியால் பேர் வாங்குவதற்குப் பல வருஷம் முன்பு. இப்படி ஒரு கொலைகாரக் குடும்பத்தைத்தான் ஐரோப்பா முழுவதும் வசந்தத்தின் தூதர் என்று பாடிக்கொண்டிருந்தது.

குயிலுக்குச் சபை நீக்கம்

குயிலின் யோக்கியதையைப் புரிந்துகொண்ட ஒரே இசையமைப்பாளர் பிரெஞ்சுக்காரர் கிளமான் ஜானெகின். பாதிரியார். நாலு குரலில் இவர் எழுதிய ‘பறவைகளின் பாட்டு’ 1528ல் பாரிஸில் அச்சானது. பாதிப் பாட்டுக்கு வார்த்தையே கிடையாது; கீச்சு, மூச்சு, டிர்ர், ஃப்ரியன் என்று நாலு குரலும் சேர்ந்து ஒரு தோப்பையே கிளப்பிவிடும். ஊர்ப் பாடகர் குழுக்களுக்கு இது மிகவும் பிடிக்கும். தப்பாகப் பாடினாலும் அது வேறு ஏதோ பறவை என்று சொல்லிக்கொள்ளலாம்.

கடைசியில் குயில் வருகிறது. மற்ற பறவைகள் எல்லாம் ஒன்றுகூடி, துரோகியே வெளியே போ என்று அதைத் தங்கள் சபையிலிருந்து தள்ளிவைக்கின்றன. அடுத்தவன் கூட்டில் முட்டையிடுகிற குயில் அந்தக் காலத்தில் அடுத்தவன் மனைவியிடம் போகிறவனுக்கு அடையாளம். பிரெஞ்சுப் பிரபுக்களின் விருந்தில் இந்தக் கட்டம் வரும்போது மேஜையைச் சுற்றி எத்தனை பேர் தொண்டையைச் செருமியிருப்பார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கே விடுகிறேன். ஜானெகினுக்கோ தேவாலயங்களில் சில்லறைப் பதவிகளைத் தவிரப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. 1558ல் வறுமையில் செத்தார். குயிலைப் பகைத்துக்கொண்டவர் கதி அது.

மே மாதமும் ஏகபோகமும்

அடுத்தது தவறாமல் தாமஸ் மார்லியின் மே மாதப் பாட்டு. 1595. ஐந்து குரல். இளைஞர்களும் இளம்பெண்களும் புல்வெளியில் ஆடுகிறார்கள், நடுநடுவே ‘ஃபா லா லா’. கச்சேரிக்கு வந்திருக்கும் பாட்டிமார்கள் காலால் தாளம் போடுவார்கள். பாட்டின் கடைசியில் ‘பார்லி பிரேக்’ என்ற விளையாட்டுக்கு அழைப்பு வரும். மூன்று ஜோடி, மூன்று கட்டம், நடுக்கட்டத்துக்குப் பேர் நரகம். அங்கே மாட்டிய ஜோடி மற்றவர்களைப் பிடிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் ஆட்டம்தான். ஆனால் எலிசபெத் காலத்து இங்கிலாந்தில் பெரிய பிள்ளைகள் இந்தப் பேரைச் சொன்னபோது ஓட்டப் பந்தயத்தை நினைக்கவில்லை. சொல்லக் கூடாதது வருகிற இடமெல்லாம் ‘ஃபா லா லா’ போட்டு மூடப்பட்டிருக்கிறது என்பதை அறிந்தால் தாளம் கொஞ்சம் தயங்கும்.

மார்லி கெட்டிக்காரர். நடையையும் அச்சையும் இத்தாலிக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார். அதே வருஷத்தில் அதே புத்தகத்தை இத்தாலிய வார்த்தைகளோடும் வெளியிட்டு, எடுத்த சரக்கை எடுத்த இடத்து மொழியிலேயே விற்கப் பார்த்தார். 1598ல் ராணி எலிசபெத்திடம் 21 வருஷத்துக்கு ஏகபோக உரிமை வாங்கினார்: இங்கிலாந்தில் இசை அச்சிட வேண்டுமென்றால் அவர் வழியாகத்தான். இசை எழுதக் கோடு போட்ட வெற்றுத்தாள்கூட அந்த உரிமையில் அடக்கம். மே மாதப் புல்வெளியில் ஆடிக்கொண்டிருந்தவர் கோடு போட்ட தாளுக்குக் கப்பம் வசூலித்துக்கொண்டும் இருந்தார்.

1601ல் ‘ஒரியானாவின் வெற்றிகள்’ என்று ஒரு தொகுப்பு. 25 பாட்டுகள், தொகுத்தவர் மார்லி. வனதேவதைகள், இடையர்கள், மலர்மாலைகள், நடுவே என்றும் இளமை மாறாத அழகி ஒரியானா. ஒரியானா என்றால் எலிசபெத் ராணி என்பதுதான் பொதுவான கருத்து. ராணிக்கு அப்போது அறுபத்தேழு முடிந்திருந்தது. பாட்டுக்குப் பாட்டு முடிவில் ஒரியானா நீடூழி வாழ்க என்று கோஷம். கட்-அவுட் வைக்கிற வசதி இல்லாத காலம். ஐந்து குரல், ஆறு குரலில் வைத்தார்கள்.

எல்லாரும் இதை ரசித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஃபிலிப் ஸ்டப்ஸ் என்ற ஒழுக்க சீலர் 1583லேயே ஒரு புத்தகம் போட்டு மே மாதக் கொண்டாட்டத்தை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறார். முதல் நாள் இரவு மரம் வெட்டிக் கொண்டுவரக் காட்டுக்குப் போகிற கன்னிப்பெண்களில் மூன்றில் ஒரு பங்குகூடப் போனபடியே திரும்பி வருவதில்லை என்பது அவர் கணக்கு. எப்படி எண்ணினார் என்று அவர் எழுதவில்லை. அந்த மரம்தான் மேபோல்: ஊர் நடுவே நட்டு, பூச்சுற்றி, சுற்றிவந்து ஆடுகிற கம்பம். 1644ல் தூய்மைவாதிகளின் பாராளுமன்றம் நாட்டில் உள்ள மேபோல்களையெல்லாம் பிடுங்கிப் போடச் சொல்லிச் சட்டமே போட்டது. வசந்தத்துக்குத் தடையுத்தரவு.

1660ல் இரண்டாம் சார்லஸ் திரும்பி வந்தார். கூடவே கம்பமும் வந்தது. அடுத்த வருஷம் லண்டன் ஸ்டிராண்ட் தெருவில் 134 அடி உயரத்துக்கு ஒன்றை நட்டார்கள். சாதாரண ஆட்களால் தூக்கி நிறுத்த முடியாமல் கப்பற்படை மாலுமிகளை வரவழைத்தார்கள். பின்னால் அந்த இடத்தில் நின்ற மேபோலை 1717 வாக்கில் ஐசக் நியூட்டன் வாங்கி, வான்ஸ்டெட் என்ற ஊரில் தொலைநோக்கியைத் தாங்கும் கம்பமாக அனுப்பிவைத்தார். இளசுகள் சுற்றிவந்து கண்ணடித்த கம்பத்தில் ஒரு பாதிரியார் ஏறி நட்சத்திரம் பார்த்தார். மேபோலுக்குக் கிடைத்த ஓய்வூதியம் நியூட்டனுக்கே உரிய கணக்கு.

மே முதல் தேதி மட்டும் ஒழியவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் இன்றும் காலை ஆறு மணிக்கு மாக்டலின் கல்லூரிக் கோபுரத்தின் உச்சியிலிருந்து பாடகர் குழு லத்தீன் துதி பாடுகிறது. கீழே இரவெல்லாம் தூங்காத மாணவர்கள். மேலிருந்து என்ன பாடுகிறார்கள் என்று கீழே பாதிப் பேருக்குக் கேட்காது, கேட்டாலும் புரியாது. 2005ல் பலர் உற்சாகத்தில் பாலத்திலிருந்து ஆற்றில் குதித்தார்கள். ஆற்றில் தண்ணீர் இடுப்பளவுதான் இருந்தது. வசந்தம் எலும்பு முறிவுப் பிரிவில் தொடர்ந்தது.

நாய் வேஷத்தில் வயோலா

இடைவேளைக்கு முன் விவால்டி வந்தே தீருவார். ‘நாலு பருவங்கள்’ 1725ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. அதில் குரலுக்கு வேலையில்லையே, பாடகர் குழு எப்படிப் பாடும் என்று கேட்காதீர்கள். 1760களில் மிஷெல் கொரெட் என்ற பிரெஞ்சுக்காரர், விவால்டியின் வசந்தத்தை அப்படியே எடுத்து, அதன் மேல் பைபிள் சங்கீதம் ஒன்றின் லத்தீன் வரிகளை ஒட்டித் தேவாலயப் பாட்டாக்கிவிட்டார். ரெடிங் மடத்தில் மேல்வரி, கீழ்வரி என்று பார்த்தோமே, அதே வித்தை. ஐந்நூறு வருஷம் கழித்து.

மூலத்தில் இரண்டாம் பகுதியில் ஆட்டிடையன் மரத்தடியில் தூங்குகிறான். வயலின் இழைகிறது, இலைகள் அசைகின்றன. நடுவில் வயோலா மட்டும் ஒரே சுரத்தை இரண்டிரண்டாக உரக்கக் குத்திக்கொண்டே இருக்கும். வாசிப்பவர் மேல் குற்றமில்லை. அது நாய். விவால்டியே அப்படி எழுதிவைத்திருக்கிறார். வயோலாக்காரர்களைப் பற்றி இசைக்கலைஞர்கள் சொல்லும் நகைச்சுவைத் துணுக்குகளுக்கு இங்கேயே பிள்ளையார் சுழி போடப்பட்டுவிட்டது. இவரும் பாதிரியார்தான், இவரும் 1741ல் வியன்னாவில் காசில்லாமல்தான் செத்தார். வசந்தம் எழுதிய பாதிரியார்களுக்கு ராசியில்லை.

இடைவேளை: பீரும் பௌர்ணமியும்

தேநீர் ஆறுவதற்குள், இந்த ஊர்ப் பாடகர் குழு என்ற வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். யார்க்‌ஷயரின் ஹடர்ஸ்ஃபீல்ட் நெசவாலை ஊர். அங்கே 1836ல் ஒரு மதுக்கடையில் கூடி ஒரு பாடகர் சங்கம் தொடங்கினார்கள்; இன்றைக்கும் அது பாடிக்கொண்டிருக்கிறது. மாதாந்திரக் கூட்டத்தைப் பௌர்ணமியை ஒட்டி வைத்துக்கொண்டார்கள். ஆன்மிகக் காரணம் ஒன்றுமில்லை. தெருவிளக்கு இல்லாத பாதையில் வீடு திரும்ப வெளிச்சம் வேண்டும். அளந்து ஊற்றிய பீரும், ரொட்டியும், சீஸும் விதிமுறையிலேயே எழுதப்பட்டிருந்தது. பீர் குடித்தபின் நிலா அவசியம் என்பதை அறிந்தவர்கள்.

பீருக்கு அனுமதி உண்டு, அரசியலுக்குக் கிடையாது. 1842ல் சோஷலிசக் கூட்டங்களுக்குப் போகிறவர் சங்கத்தில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று ஒரு விதி சேர்த்தார்கள். நாலு குரலும் ஒத்துப் போக வேண்டிய இடத்தில் சமத்துவம் பேசினால் பாஸ் குரல்காரர்கள் மெட்டைக் கேட்பார்கள் என்ற பயமாக இருக்கலாம். அதே காலத்தில் நார்விச்சைச் சேர்ந்த சாரா குளோவர் என்ற ஆசிரியை உண்டாக்கிய எளிய சுரமுறையை ஜான் கர்வன் என்ற பாதிரியார் எடுத்துச் செம்மைப்படுத்தி நாடெங்கும் பரப்பினார். கோடும் புள்ளியும் படிக்கத் தெரியாத ஆலைத் தொழிலாளி டோ ரே மி வைத்துக்கொண்டு ஹாண்டலைப் பாடினான். நொவெல்லோ பதிப்பகம் இசைப் புத்தகத்தை மலிவு விலைக்கு அடித்துத் தள்ளியது. இந்த இருவரும் அந்தப் பதிப்பகமும் இல்லாவிட்டால் இன்றைக்கு மஞ்சள் தாளும் இல்லை, குலுக்கல் பரிசும் இல்லை. சாரா குளோவருக்கு மட்டும் அதில் கிடைத்த பேர் கொஞ்சம்தான்; அதற்கு விளக்கம் தேவையில்லை.

ஹய்டனின் இடுப்பொடிந்த கதை

இடைவேளைக்குப் பின் ஜோசஃப் ஹய்டனின் ‘பருவங்கள்’. அதிலும் வசந்தப் பகுதி மட்டும். முழுவதையும் பாடினால் பேருந்து போய்விடும். 1801 ஏப்ரல் 24ல் வியன்னாவில் ஷ்வார்ட்சன்பர்க் அரண்மனையில் அரங்கேறியபோது ஹய்டனுக்கு வயது 69. வேண்டாம், வேண்டாம் என்றவரை விடாப்பிடியாக எழுதவைத்தவர் பாரன் வான் ஸ்வீட்டன், அரச நூலகத்தின் தலைவர். ஜேம்ஸ் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக் கவிஞரின் நீண்ட ஆங்கிலக் கவிதையை வெட்டிச் சுருக்கி ஜெர்மனில் பாட்டாக்கினார். பிறகு ஆங்கிலேயர்களும் பாட வேண்டுமே என்று அந்த ஜெர்மனைத் தானே மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். அவருடைய ஆங்கிலம் அதற்குத் தயாராக இல்லை. ஆங்கிலக் கவிதை ஜெர்மனி சுற்றி வீடு திரும்பியபோது சொந்த வீட்டில் அடையாளம் தெரியவில்லை. ஆங்கிலக் குழுக்கள் அதற்கு அப்புறம் ஆளுக்கொரு திருத்தம் போட்டுப் பாடிக்கொண்டிருக்கின்றன.

பாரனின் தொல்லை அதோடு நிற்கவில்லை. இந்த இடத்தில் தவளை கத்த வேண்டும், அங்கே சேவல் கூவ வேண்டும் என்று ஓரத்தில் குறிப்பு எழுதி அனுப்பினார். ஹய்டன் பல்லைக் கடித்துக்கொண்டு தவளையைக் கத்தவைத்தார். பிறகு ஒரு கடிதத்தில், இதெல்லாம் பிரெஞ்சுப் பாணிக் குப்பை, என் தலையில் கட்டினார்கள் என்று கொட்டித் தீர்த்தார். கடிதம் எப்படியோ பத்திரிகையில் வந்துவிட்டது. பாரன் கொதித்துப்போனார். இன்னொரு இடத்தில் உழைப்பைப் போற்றி ஒரு கோரஸ். வாழ்நாள் முழுக்க உழைத்தவன் நான், உழைப்புக்கு மெட்டுப் போடலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை என்றாராம் கிழவர்.

பழிவாங்கலும் நடந்தது. வசந்தப் பகுதியில் உழவன் ஏர் ஓட்டிக்கொண்டே சீட்டியடிக்கும் கட்டம் உண்டு. அன்றைக்குப் பிரபலமான ஏதாவது நாடகப் பாட்டை அடிக்கட்டும் என்றார் பாரன். முடியாது என்ற ஹய்டன், தன்னுடைய சொந்த ‘சர்ப்ரைஸ்’ சிம்ஃபொனி மெட்டையே உழவன் வாயில் கொடுத்துவிட்டார். வியன்னா அருகே வயலில் ஏர் பிடிப்பவன் ஹய்டன் சிம்ஃபொனியை மனப்பாடமாக வைத்திருந்தானா என்று கேட்டால், அது இசையமைப்பாளரின் ஆசை. இந்த வேலை என் முதுகெலும்பை முறித்துவிட்டது என்று கடைசிவரை புலம்பினார். வசந்தம் அவருக்கு வயோதிகமாக வந்தது.

டிசம்பர் மாதத்து வசந்தம்

பீத்தோவனை விட முடியாது. அவருடைய ஆறாவது சிம்ஃபொனியில் புல்லாங்குழல் நைட்டிங்கேல் என்ற பாடும் பறவையாகவும், ஓபோ காடையாகவும், கிளாரினெட் நம்முடைய குயிலாகவும் வருகின்றன. ஓடையும் பறவையும் நிறைந்த இந்த நாட்டுப்புறச் சித்திரத்தை அவர் அரங்கேற்றிய தேதி 1808 டிசம்பர் 22. இடம் வியன்னாவில் ஒரு நாடக அரங்கம். உள்ளே எலும்பை உலுக்கும் குளிர். மாலை ஆறரைக்குத் தொடங்கி இரவு பத்தரை வரை நாலு மணி நேரம். ஐந்தாவது சிம்ஃபொனி, ஆறாவது சிம்ஃபொனி, பியானோ கான்செர்ட்டோ, தேவாலய இசை எல்லாம் ஒரே இரவில். கடைசியில் பாடகர் குழுவும் சேர்ந்த ‘கோரல் ஃபாண்டசி’. ஒத்திகை போதவில்லை. நடுவில் வண்டி தடம் புரண்டது. பீத்தோவன் எல்லாரையும் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். குளிரில் விரைத்திருந்த ரசிகர்களுக்கு இலவசமாக இன்னும் கொஞ்சம்.

ஊர்க் குழுக்கள் பாட்டு நடுவில் தடுமாறி நின்றால் நடத்துநர் இந்தக் கதையைத்தான் சொல்லிச் சமாளிப்பார். அதில் நியாயம் இருக்கிறது.

பாரிஸில் அடிதடி

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்ததும் நடத்துநர் கையைப் பிசைவார். வசந்தம் என்றால் ஸ்டிராவின்ஸ்கி. ஆனால் ‘வசந்தத்தின் சடங்கு’ பாடுவதற்கானது அல்ல, ஆடுவதற்கானது. ஆடுகிறவள் கடைசியில் சாக வேண்டும் என்பது கதை: பூமி விழித்துக்கொள்வதற்காக ஒரு பெண்ணை ஆடவைத்தே பலி கொடுக்கிறார்கள். ஊர்க் குழுவில் இதற்கு முன்வர ஆளில்லை.

1913 மே 29, பாரிஸ். முதல் சில நிமிஷத்திலேயே சிரிப்பு, பிறகு கூச்சல், பிறகு கைகலப்பு. விளக்கைப் போட்டு அணைத்து, போட்டு அணைத்துக் கூட்டத்தை அடக்கப் பார்த்தார் குழுத் தலைவர் தியாகிலெவ். வாத்திய ஓசை கேட்காத ஆட்டக்காரர்களுக்காக, நடனத்தை அமைத்த நிஜின்ஸ்கி திரை ஓரத்தில் நாற்காலி மேல் ஏறி நின்று ரஷ்ய மொழியில் எண்ணிக்கை கத்தினார். வாத்தியக் குழுவை நடத்திய மோந்தோ எதையும் கவனிக்காமல் கடைசி வரை நடத்தி முடித்தார். அதே 1913ல் ரெடிங்கில் இடிந்த மடத்துச் சுவரில் நம் கடாப் பாட்டைக் கல்லில் பொறித்துத் திறப்பு விழா நடத்தினார்கள். பாரிஸில் வசந்தத்துக்குக் கைகலப்பு. இங்கிலாந்தில் கடாவுக்குக் கல்வெட்டு.

அடுத்து கார்ல் ஓர்ஃபின் ‘கார்மினா புரானா’. 1803ல் பவேரியாவில் ஒரு மடத்தை அரசு எடுத்துக்கொண்டபோது அகப்பட்ட பழைய கையெழுத்துப் பிரதி. உள்ளே குடி, சூது, காமம், வசந்தம். எழுதியவர்களில் பலர் பாதிரியாராகப் படித்துவிட்டு ஊர் சுற்றியவர்கள். 1937ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஓர்ஃப் அதற்கு இசை போட்டு அரங்கேற்றினார். வெற்றியைப் பார்த்துவிட்டு, இதற்கு முன் நான் எழுதியதையெல்லாம் கிழித்துப் போடலாம் என்று பதிப்பாளரிடம் சொன்னார். டெனர் தனிப்பாடகருக்கு இதில் கிடைப்பது ஒரு பாட்டு: தணலில் வறுபடும் அன்னத்தின் புலம்பல். அதையும் தொண்டை கிழிய உச்சியில் பாட வேண்டும். இதன் தொடக்கக் கோரஸ் பிரிட்டனில் பலருக்குத் தெரிந்தது ஓல்ட் ஸ்பைஸ் விளம்பரத்தால். விதியின் கொடுமையை அலறும் மத்திய காலப் பாட்டுக்கு, சவரம் முடித்துத் தடவுகிற திரவத்தின் வாசனை.

கடைசியில் பெஞ்சமின் பிரிட்டன். அவருடைய ‘வசந்த சிம்ஃபொனி’ அரங்கேறியது 1949 ஜூலை 14, ஆம்ஸ்டர்டாமில். வசந்தம் போய் நடுக்கோடை. எழுதச் சொல்லி ஏற்பாடு செய்தவர் அமெரிக்காவில் இருந்த கூசெவிட்ஸ்கி. முதல் அரங்கேற்றம் மட்டும் ஹாலந்துக்குப் போனது. பையன்கள் சீட்டியடிக்கிறார்கள், மாட்டுக்கொம்பும் ஊதப்படுகிறது. உச்சக்கட்டத்தில் எல்லாரும் ஒரு பக்கம் வால்ட்ஸ் பாடிக்கொண்டிருக்க, பையன்கள் நடுவில் புகுந்து ரெடிங் மடத்துப் பாட்டை முழக்குகிறார்கள். கடாவுக்கு இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த ஆங்கில இசையமைப்பாளர் ஒருவர் கொடுத்த மரியாதை அது.

குயிலுக்கு அந்த மரியாதை போதவில்லை. பிரிட்டன் நாட்டில் அதன் எண்ணிக்கை சில பத்தாண்டுகளில் பாதிக்கும் கீழே போய், 2009ல் அபாய நிலைப் பறவைகளின் சிவப்புப் பட்டியலில் ஏறியது. பல ஊர்களில் குயில் கூவக் கேட்க வேண்டுமென்றால் தேவாலயத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே இரண்டாம் வரிசையில் நிற்கிற ஆல்ட்டோ அம்மாள் கூவுகிறார்.

அவரையும் அவருடைய கூட்டத்தையும் ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள். ராணியின் தயவு அவர்களுக்கு வேண்டாம். கோடு போட்ட தாளுக்கு வரி கேட்கவில்லை. எந்தப் பாரனும் தவளை கேட்டுக் கடிதம் எழுதவில்லை. சூடேற்றும் கருவி பாதியில் நின்றுபோன தேவாலயத்தில், சந்தா கட்டி, கேக் சுட்டுக் கொண்டுவந்து, வந்த காசைக் கூரை ஒழுகாமலிருக்கக் கொடுத்துவிட்டுப் பாடுகிறார்கள். சுருதி கொஞ்சம் இறங்கும். நாலு குரலில் ஒன்று எப்போதும் அரைத் தாளம் பிந்தி வரும். இருந்தாலும் இந்த ஏழரை நூற்றாண்டில் வசந்தத்தை வசந்தத்துக்காகவே பாடியவர்கள் என்று யாரையாவது கைகாட்ட வேண்டுமென்றால் இவர்களைத்தான் காட்ட வேண்டும். சம்பளம் கிடையாது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.